கைதட்டினால் நிற்கும் சுந்தரி

ரோபோ ரிப்பேர் என்று போர்டு மாட்டியவர்களுக்கெல்லாம் ஒன்று தெரியும்: எந்த ரோபோவும் நம் கண் முன்னால் கெட்டுப்போகாது. மேஜை மேல் வைத்தால் சமர்த்தாக ஓடும். போட்டி நாளில், மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு, ஊரே பார்க்கும்போதுதான் நிற்கும். டாக்டரைப் பார்த்ததும் இருமல் நின்றுவிடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களே, வீட்டில் சுடாத இஸ்திரிப் பெட்டி கடைக்காரர் சொருகினால் மட்டும் சுடுவதைப் பார்த்து அசடு வழிந்தவர்களே, நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

என் பெயர் செலின். மந்தைவெளியில் ஒரு தையற்கடைக்கு மேலே ஒற்றை ரூம். பள்ளிக்கூடங்களும் காலேஜ்களும் போட்டிக்குச் செய்கிற ரோபோக்களின் மூளையான கன்ட்ரோலரைப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூட என் கைப்பையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். என்னோடு வேலை பார்ப்பவர் பாஸ்கர் அண்ணன். டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து சால்டரிங் பிடித்த கை. எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும், அவருக்கு வரவே வராது. கடை ஓடுவது அதனால்தான்.

ஒரே ஒரு தொழில் விஷயம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிற பிள்ளையின் கையிலிருக்கும் ரிமோட்டிலிருந்து ரோபோவுக்கு ஒரு செகண்டுக்கு ஐம்பது தடவை குட்டிக் குட்டிச் செய்தி போய்க்கொண்டே இருக்கும். 'முன்னால் போ, இன்னும் போ, இப்போது திரும்பு' என்று. இதற்குப் பேக்கெட் என்று பேர். ஒன்றிரண்டு வழியில் தொலைந்தால் மோசமில்லை. வரிசையாகத் தொலைந்தால் 'ஓட்டுகிற ஆளைக் காணோமே' என்று ரோபோ பயந்து மோட்டாரை நிறுத்திவிட்டு அப்படியே நிற்கும். யார் காலிலும் ஏறிவிடக் கூடாது என்று நாங்களே வைத்திருக்கிற ஏற்பாடு அது. ஆனால் அது நிற்கிற அழகைப் பார்த்தால், பெற்ற வயிறு பற்றி எரியும்.

பழைய பெஞ்சு

ஜூலை மாதத்தில் ஒரு நாள், பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பிள்ளைகள் ஒரு ரோபோவை ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார்கள். ரோபோவின் பெயர் சுந்தரி. ரப்பர் வளையங்களைப் பொறுக்கிக் கம்பத்தில் மாட்டுவது அவள் வேலை. கூட வந்தவர்கள் கோகிலாவும் ஷெரினும்; ஓட்டுகிறவள் தீபிகா, பிளஸ் ஒன். அவள் வீடு முன்பு ஆற்றோரத்தில் இருந்தது. அங்கிருந்து காலி செய்து அனுப்பியதில் இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கம். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். சாயங்காலம் ஐந்தரை வரைக்கும் ரோபோ ரூமில் இருந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாளாம். "அந்த ரூம் மட்டும் இல்லன்னா ஸ்கூலுக்கு வர்றதே எனக்கு வெறுத்துடும் மேடம்" என்று முதல் நாளே சொன்னாள்.

கூட வந்த தலைமையாசிரியை சிஸ்டர் ஃபிலோ எங்கள் சர்ச் பங்குதான், எனக்கு நன்றாகத் தெரிந்தவர். போன வருஷப் போட்டியில் சுந்தரி ஆடிய மூன்று ஆட்டத்திலும் நடுவில் நின்றுவிட்டாள். பள்ளியிலோ இடமில்லை. உடைந்த பெஞ்சுகள் வராந்தாவில் கிடக்கின்றன, பெற்றோர்கள் சண்டைக்கு வருகிறார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு சிஸ்டர் சொன்னார்: "நான் ஜெயிக்கச் சொல்லலை செலின். ஒரே ஒரு ஆட்டம் நிக்காம ஓடி நான் பாக்கணும். இந்த வருஷமும் நின்னா, அந்த ரூம்ல பழைய பெஞ்சைப் போட்டுப் பூட்டிடுவேன்."

கோடி எழுதிய கன்ட்ரோலர்

அதே வாரத்தில் மயிலாப்பூரிலிருந்து வத்சன் என்று ஒரு காலேஜ் பையன் வந்தான். அவன் ரோபோ பத்து செகண்டுக்கு ஒரு தடவை திக்கித் திக்கி நின்றது. ஒயர் சரி, பேட்டரி சரி. புரோகிராமைத் திறந்தால் நடுவில் ஒரு வரி. ஒவ்வொரு சுற்றுக்கும் திரையில் 'ஸ்ரீராமஜெயம்' என்று எழுதச் சொல்லியிருக்கிறான்! செகண்டுக்கு ஐம்பது ஸ்ரீராமஜெயம். கன்ட்ரோலர் பாவம், பக்தியாக எழுதிக்கொண்டே இருக்கிறது. அது எழுதி முடிப்பதற்குள் வருகிற பேக்கெட்டெல்லாம் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

"ஏம்ப்பா இது?" என்றேன். தலையைச் சொறிந்தான். வீட்டில் அம்மா கோடி ஸ்ரீராமஜெயம் எழுதுவதாக வேண்டிக்கொண்டு, விரல் வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை பாசத்தில் மெஷினிடம் ஒப்படைத்துவிட்டான். அந்த ஒரு வரியை எடுத்தேன், ரோபோ பறந்தது. மறுநாள் அந்த அம்மாவே படியேறி மூச்சு வாங்க வந்துவிட்டார். நான் என் விளக்கத்தை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி. ஆத்துல ராத்திரியும் பகலுமா அது எழுதிண்டிருந்தது, நானும் நிம்மதியா இருந்தேன். நிறுத்திட்டேள். பாக்கி நாப்பது லட்சத்தை நீங்க எழுதித் தருவேளா?"

இல்லாத இடத்தில்

இப்படி ஒரு கேஸில் ஜெயித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. எல்லாருக்கும் அதே வியாதி, அதே மருந்து. சுந்தரியின் புரோகிராமிலும் இப்படி ஏதோ ஒரு வரி ஒளிந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். பிள்ளைகள் 'இல்லை' என்றார்கள். பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும் என்றேன். போட்டி மூன்று சுற்று, தோற்றாலும் எல்லாச் சுற்றும் ஆடலாம். ஆகஸ்டில் தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் சுற்று. ஊர்ஜனமே பெரும்பாக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்து தீபிகாவுக்காகக் கத்தியது. சுந்தரி ஜோராகக் கிளம்பினாள், முதல் வளையத்தைத் தூக்கினாள், அந்தரத்தில் கையைத் தூக்கியபடி நின்றாள். மீதி ஒன்றரை நிமிஷமும் அதே போஸ். தீபிகா ரிமோட்டை அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரல் வெளுத்துவிட்டது.

மூன்று நாள் என் ரூமில் அந்தப் புரோகிராமை வரிவரியாகக் குடைந்தேன். மேஜை மேல் சுந்தரி சிரிக்காத குறையாக ஓடிக்கொண்டிருந்தாள். நான் தீபிகாவைத் திட்டினேன், ஆமாம், திட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். "ஏதோ ஒண்ணை என்கிட்ட மறைக்கிறீங்க" என்றுகூடச் சொன்னேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "மேடம், நீங்க தேடுங்க, வேணாங்கல. ஆனா இல்லாத எடத்துல தேடுனா எப்டி கெடைக்கும்?"

கேட் பாஸ்

அடுத்த வாரம் திரும்பி வந்தவள் ஒரு யோசனையோடு வந்தாள். பேக்கெட் வராவிட்டால் நிற்கச் சொல்கிற அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டால் என்ன? நிற்கவே நிற்காதே! நான் அவளை உட்காரவைத்துத் தேனாம்பேட்டைக் கதையைச் சொன்னேன். போன வருஷம் அங்கே நாலு பையன்கள் இதே காரியத்தைச் செய்தார்கள். காலேஜ் விழா. சிறப்பு விருந்தினருக்கு ரோபோ கையாலேயே பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. பொன்னாடையைக் கவ்விக்கொண்டு ரோபோ புறப்பட்டது. அந்த நேரம் பார்த்து ரிமோட்டில் பேட்டரி காலி.

கடைசியாக வந்த செய்தி 'முன்னால் போ'. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, போனது. கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றவரைத் தாண்டிப் போனது, முன்வரிசை நாற்காலிகளைத் தாண்டிப் போனது, சரிவுப் பாதையில் இறங்கி ஜரிகை தரையில் புரள மெயின் கேட்டுக்கே போனது. பின்னாலேயே நாலு பையன்கள், அவர்களுக்குப் பின்னால் பிரின்சிபால். கேட்டில் வாட்ச்மேன் காலை அகட்டி நின்று அதை மடக்கிப் பிடித்து, குப்புறக் கவிழ்த்துப்போட்டுவிட்டு, ஓடி வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாராம்: "துணிய வேணா எடுத்துக்கினு போ சார், வாணாங்கல. கேட் பாஸ் இல்லாம வண்டிய மட்டும் வுட மாட்டேன்."

கூச்ச சுபாவம்

இரண்டாம் சுற்று வடபழனியில். புரோகிராமில் குற்றமில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது, ஆனால் வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை. ஒயரையெல்லாம் மாற்றினோம். பாஸ்கர் அண்ணன் ஆன்டெனாவைப் பிடுங்கி இன்னும் உயரத்தில் வைத்தார். பேட்டரி புதுசு. காலையில் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து விபூதியை சுந்தரி நெற்றியில் வைத்தாள் கோகிலா. ஷெரின் சிலுவை போட்டாள். இதற்கு மேல் யாரை அழைப்பது? ஆட்டம் தொடங்கியது. இந்தத் தடவை வளையத்தைத் தூக்கினாள், நகர்ந்தாள், கம்பத்தில் மாட்டினாள். கேலரியில் ஒரே ஆரவாரம். நாலே செகண்ட். நின்றுவிட்டாள்.

நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். பெஞ்சுகள் கண்ணுக்குள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. பாஸ்கர் அண்ணன் மட்டும் பதறவே இல்லை. கடலை மென்றுகொண்டே கேலரியையும் ஆடுகளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தி. நகரில் தூக்கும்போது கைதட்டினார்கள், அங்கே நின்றது. இங்கே மாட்டும்போது கைதட்டினார்கள், இங்கே நின்றது என்று கணக்குச் சொன்னார். ரோபோவுக்குக் காதா இருக்கிறது என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். தோளைக் குலுக்கினார். "எனக்கு இன்னா தெரியும்மா. ஆனா ஒண்ணு, கை தட்டினா நிக்குது. நம்ம பொண்ணுக்குக் கூச்சம் ஜாஸ்தி கீது."

கேலரியில் ஒரு இடம்

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. கடைசிச் சுற்று அடையாற்றில் ஒரு மண்டபத்தில். காலையில் ஒரு ஆட்டம், மத்தியானம் ஒரு ஆட்டம். சிஸ்டர் மத்தியானத்துக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். காலை ஆட்டத்தில் நான் ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்கவில்லை. கைதட்டுகிறவர்கள் நடுவிலேயே போய் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் தீபிகாவின் அம்மா செல்வி, மந்தைவெளியில் நாலு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறவர். வந்து உட்கார்ந்ததுமே எலுமிச்சை சாதம் கொடுத்தார். ஒரு கையில் சாதம், ஒரு கையில் என் போன். காற்றில் என்னென்ன வைஃபை ஓடுகிறது என்று அதில் கோடு கோடாகத் தெரியும். சுந்தரியின் ரிமோட்டும் வைஃபையில்தான் பேசும்; அவளுடைய கோடு தனியாக, அழகாக நின்றது.

சுந்தரி வளையத்தைத் தூக்கினாள். எங்கள் வரிசை மொத்தமும் எழுந்தது. எழுந்த எல்லார் கையிலும் போன். என் திரையில் சுந்தரியின் கோட்டு மேலேயே இன்னொரு கோடு விறுவிறுவென்று ஏறி அவளை மூடிவிட்டது. அதன் தலையில் பேர்: 'செல்வி'. திரும்பிப் பார்த்தேன். செல்வி போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார், அதில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு ஆள் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். கீழே சுந்தரி நிற்கிறாள். "ஐயோ, நின்னுட்சே! பாவம் புள்ளைங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார் செல்வி. சாதத்தை மடியில் வைத்தேன். "செல்வி, உங்க போன்ல ஹாட்ஸ்பாட் ஆன்ல இருக்கா?" என்றேன். "ஆமா மேடம். வேன்ல வர சொல்லவே எல்லாருக்கும் டேட்டா தீந்து பூட்ச்சு. எங்க ஊட்டுக்காரர் மஸ்கட்லேர்ந்து போட்டு வுட்டது எங்கிட்ட நெறய கீது. பாவம், அவங்களும் அவங்கவங்க ஊட்டுக்குக் காட்டட்டுமேன்னு தொறந்து வுட்டுட்டேன். உங்களுக்கும் வோணுமா?"

கட்டைப்பை

விஷயம் இவ்வளவுதான், மக்களே. சுந்தரி பேசுகிற அதே அலைவரிசையில் செல்வியின் ஹாட்ஸ்பாட். வளையம் ஏறுகிற நிமிஷத்தில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் அதன் வழியாக வீடியோ கால் போட்டால், அந்த நெரிசலில் சுந்தரியின் பேக்கெட் எங்கே நுழையும்? ஹாட்ஸ்பாட்டை அணைக்கச் சொல்லி ஒவ்வொரு தடவையும் மைக்கில் சொல்லத்தான் சொன்னார்கள், இங்கிலீஷில். கேலரியில் இருந்தவர்கள் அது யாரோ இன்ஜினியர்களுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் ஒரு தடவைகூட உறைக்கவில்லையே! என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

செல்விக்குப் புரிந்ததும் முகம் செத்துவிட்டது. "அப்போ போன வருசமும் நான்தானா மேடம்?" என்றார். போன வருஷமும் அவர்தான். மகள் ஜெயிக்க வேண்டும் என்று வேன் பிடித்து வந்து, ஆசை ஆசையாக, அவரே நிறுத்தியிருக்கிறார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அவர் கையில் இருந்த போனிலிருந்து ஒரு குரல் வந்தது. லைனை யாருமே கட் செய்யவில்லை. தீபிகாவின் அப்பா, மஸ்கட்டில் பெயின்ட் வேலை, இதைப் பார்ப்பதற்காகவே ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாராம். "ஏய் செல்வி, அழுதுக்கினு இன்னா நிக்கிற? கட் பண்ணு. நான் பாக்கலன்னா இன்னா இப்போ? வண்டி ஓடணும்."

மத்தியானம் சிஸ்டர் ஃபிலோ முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். பாஸ்கர் அண்ணன் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு கேலரியில் வரிசையாக வந்தார். அணைத்த போன்கள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன. இரண்டு பேர் அணைக்கத் தெரியாமல் அப்படியே போட்டுவிட்டார்கள், அதனால் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடைக்கே போய்விட்டார். போகும்போதே பைக்குள் எதுவோ ஒன்று பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டு போனது.

சுந்தரி கிளம்பினாள். வளையத்தைத் தூக்கினாள். எங்கள் வரிசை எழுந்தது. கையில் போன் இல்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நொடி எல்லாரும் வெறும் கையைப் பார்த்தார்கள். அப்புறம் தட்டினார்கள் பாருங்கள், இரண்டு கையாலும், மண்டபமே அதிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு நாலு எண்ணினேன். திறந்தபோது சுந்தரி அடுத்த வளையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. மணி அடிக்கும் வரைக்கும் ஓடினாள். நானும் செல்வியும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம், என் செருப்பு ஒன்று பறந்து யார் மேலேயோ விழுந்தது. பரிசு என்று பார்த்தால் நாலாவது இடம், கப் கிடையாது. தீபிகா ரிமோட்டைக் கீழே வைக்காமல் நேராக என்னிடம்தான் ஓடி வந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லார் எதிரிலும். "பரவால்ல மேடம், அந்த மூணு நாள்ல எங்க புரோகிராமையே நீங்க மனப்பாடம் பண்ணிட்டீங்க" என்று சிரித்தாள். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிள்ளைகளிடம் சொன்னார்: "ரூம் உங்களுக்குத்தான். பெஞ்சை என் ஆபீஸ்லயே போட்டுக்கறேன், போங்க."

மொதல்லேர்ந்து

எதிர்க்கடையில் மூன்று டீ குடித்துவிட்டு பாஸ்கர் அண்ணன் பையோடு திரும்பி வந்தார். அவரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. யார் போனிலும் ஒரு படம்கூட இல்லை. சுந்தரி முழுசாக ஓடிய அந்த ஒரே ஆட்டத்துக்கு வீடியோ என்று உலகத்திலேயே எதுவும் கிடையாது. செல்வி தன் போனைத் தேடி எடுத்து மஸ்கட்டுக்குப் போட்டார். தீபிகாவின் அப்பா வேலைக்குத் திரும்பிவிட்டார் போலிருக்கிறது, முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான்.

மண்டபத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு செல்வி சொல்ல ஆரம்பித்தார். "மொதல்ல லெஃப்ட்டால திரும்புச்சுங்க. அப்பால ஒரு வளையம். தூக்கிக்கினு போச்சா, நம்ம தீபி நாக்கைக் கடிச்சிக்கினே ஓட்டுது…" ரிமோட் பிடித்த மாதிரி கை, சுந்தரி மாதிரி தோள், சிஸ்டர் மாதிரி கண்ணாடி, எல்லாவற்றையும் போனுக்கு நடித்துக் காட்டினார். இரண்டு நிமிஷ ஆட்டத்தைச் சொல்லி முடிக்க அரைமணி ஆனது. வேன்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அவரும் வந்து படியில் உட்கார்ந்து கேட்டார். ஏழாவது வளையமும் ஏறி, மணியும் அடித்த பிறகு, அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நல்லாக் கீது செல்வி. மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு."

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: ரோபோ நின்றுவிட்டால் அதைப் பிரித்து மேய்வதற்கு முன்னால், அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தடவை எண்ணிவிட வேண்டும்.